தவிட்டு மூட்டை

கோபாலபுரம் செக்போஸ்ட்.
தவிட்டு மூட்டைக்கு அடியில்
நாற்பது கிலோ ரேஷன் அரிசி.
"எந்தா இதில்?"
"மாட்டுக்குத் தவிடு, சாரே."
கண் இமைக்காது எனக்கு.
ஒன்பது வயதில் பழகிய முகம் இது,
அப்பன் பெல்ட்டை உருவும் சத்தத்தில்.

கொழிஞ்சாம்பாறைப் பள்ளியில் அதற்குச் சூரல் என்று பேர்,
இந்தப் பக்கம் டியூசனில் பிரம்பு.
இரண்டும் ஒரே கடைச் சரக்கு.
வீட்டில் என் கை.

ராத்திரி
மொபெட் கண்ணாடி உடைந்து கிடந்தது.
"யாருடா?"
"பூனைப்பா," என்றான் ஜெர்வாஸ்.
இமைக்கவில்லை.
போன மாசம்வரை
கேட்பதற்குள் அழுதுவிடுகிறவன்.

எங்கள் தெருவில் பூனையே கிடையாது.

ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
அவன் தலைக்கு மேலிருந்த
சுவிட்சை அணைத்தேன்.
இருட்டில்
இரண்டு பேரும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்,
வண்டியைச் சோதிக்கிறபோது நிற்பதுபோல.