முதுகு முன்னே

ஆடு கொல்லையில் நிற்கிறது.
அதனால் நான் உள்ளறையில்,
கதவைச் சாத்திக்கொண்டு.

நாளைக்குப் பெருநாள்.
கத்தியை அதன் கண்ணில் காட்டக் கூடாது.
காதைப் பற்றி யாரும் சொன்னதில்லை.
சபுரா தானாகவே மிக்ஸியைப் போட்டாள்,
இஞ்சி, பூண்டு, போதாதென்று மறுபடியும் இஞ்சி.
அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்து தீட்டுகிறேன்.

முதலில் ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்து
அடியில் பூச்சில்லாத அந்தச் சொரசொர வட்டத்தில்
இருபது தரம் இந்தப் பக்கம்,
இருபது தரம் அந்தப் பக்கம்.
கட்டைவிரலைக் குறுக்கே வைத்து நகர்த்தினால்
கண்ணுக்குத் தெரியாத பிசிறு ஒன்று தட்டுகிறது.
மழுங்கல் இல்லை அது, மடங்கல்.
இரும்பு தன் மேலேயே ஒருக்களித்துப் படுத்திருக்கிறது.

பிறகு பெல்ட்.
ஈப்போவில் முதல் சம்பளத்தில் வாங்கியது.
பக்கிளை ஜன்னல் கம்பியில் மாட்டி
இடது கையால் விறைக்க இழுத்துப் பிடித்து
உள்தோலில் கொஞ்சம் பல்பொடி தூவி
முதுகு முன்னே, வாய் பின்னே.
வாயை முன்னே விட்டால் தோல் கிழியும்.
(போன வெள்ளிக்கிழமை நான் விட்ட வாய்க்கு
சபுரா இன்னும் முகம் கொடுக்கவில்லை.)

ஓட்டைகளைத் தாண்டும்போது கத்தி லேசாக விக்குகிறது.
ஐந்து ஓட்டை கம்பெனி போட்டது.
ஆறாவது, கோணலாய், நான் ஆணியால் அடித்தது.
ஓட்டல்காரன் சம்பளத்தைப் பிடித்து வைத்த வருஷம்
இடுப்பு அங்கே வந்து நின்றது.
இப்போது முதல் ஓட்டைக்கே எட்டுவதில்லை.

கரண்ட் போனது.

மிக்ஸி நின்ற பிறகும்
என் கை ஒரு இழுப்பு அதிகமாய் இழுத்துவிட்டது.
ஷ்ஷக்.
கொல்லையில் அசை போடும் சத்தம் நின்றது.
வாய்க்காலில் நேற்று வந்த மேட்டூர்த் தண்ணீர்
மதகில் இடித்துக்கொண்டு போவது கேட்டது.
நான், சபுரா, அது,
ஆளுக்கொரு சுவருக்குப் பின்னால்.

"கூர் ஆயிடுச்சா?"
இருட்டுக்குள்ளிருந்து கேட்டாள்,
ஆறு நாளுக்கு அப்புறம் முதல் பேச்சு.
முன்கையில் வைத்துப் பார்த்தேன்.
மயிர் வந்ததே தெரியவில்லை.
"ஆயிடுச்சு."
"இன்னும் பத்து இழுங்க."

பத்தையும் கத்தியின் கனத்திலேயே விட்டேன்,
கை அழுத்தாமல், மூச்சு விடுகிற அளவுக்கு.
ஏழாவதில் ஆடு மறுபடி அசை போடத் தொடங்கியது.
மீதி மூன்றையும்
எண்ணித்தான் இழுத்தேன்.