நாற்பத்தொன்றாம் பக்கம்

என் பெயர் இல்கா.
ஊர் சால்ட்டோ, உருகுவாயில், ஆற்றுக்கு இந்தப் பக்கம்.
தொழில், ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பது.
பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்து
"அந்த எழுத்தாளர் பெயரா!" என்று கையைப் பிடித்துக்கொண்டவர்கள்
நாற்பத்தாறு வருடத்தில் மூன்று பேர்.
மூவரிடமும் உண்மையைச் சொன்னேன்:
நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் தாண்டவில்லை.
அங்கே ஒருத்தி ரயிலுக்குக் காத்திருக்கிறாள்.
பனிரெண்டு வருடமாக
அவளை அங்கேயே நிற்க வைத்திருக்கிறேன்.

எங்கள் நாட்டில் இது புதிதல்ல.
தோல் வியாபாரிக்குக் கடற்படைத் தளபதியின் பெயர்,
தபால்காரருக்கு யாரோ ஒரு ஜனாதிபதியின் பெயர்.
அவர்களெல்லாம் செத்துச் சிலையானவர்கள்.
அப்பா பிடித்ததோ உயிரோடிருந்த ஒருத்தியை,
ஹங்கேரியில், மாடிக் குடியிருப்பில்,
எங்கள் மொழிக்கு ஒரே ஒரு புத்தகம் வந்து சேர்ந்தவளை.

அக்கரைக்குப் படகு விடும் துறையில் சீட்டுக் கிழிப்பவர் அப்பா.
படகுக்கும் படகுக்கும் நடுவே முக்கால் மணி நேரம்.
அந்த முக்கால் மணிகளில்
பதினோரு தடவை அதை வாசித்தாராம்.
அட்டை கிழிந்தபோது
ஆரஞ்சுப் பெட்டியை வெட்டி ஒட்டினார்.
மூக்கருகே கொண்டுபோனால் இன்றும் லேசாகப் புளிக்கும்.

அம்மா வேறு பெயர் வைத்திருந்தாள்.
நேலிடா.
வெள்ளத்தில், பத்தொன்பது வயதில்,
ஆற்றோடு போன தங்கையின் பெயர்.
வயிற்றைத் தடவித் தடவி
ஏழு மாதம் என்னை அப்படித்தான் கூப்பிட்டாளாம்.
பெற்றுப் போட்டுவிட்டு அவள் தூங்கிய மதியம்
அப்பா பதிவு அலுவலகத்துக்கு நடந்தார்.
ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்து வைத்திருக்கும் மொழி எங்களுடையது.
குமாஸ்தா தப்பானதைப் போட்டான்.
ஆக, நான் முழுசாக
அந்த எழுத்தாளர் பெயரும் இல்லை.

அப்பா அவளுக்குக் கடிதம் எழுதினார்.
பதில் வந்தது.
தபால் அட்டை. உறைந்த ஏரி, கரையில் காலியாக ஒரு நாற்காலி.
படம் வெளியே தெரியச் சட்டம் போட்டு
சீட்டுக் கவுண்டரில் மாட்டினார்.
என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டால்
"ஆசீர்வாதம்" என்பார்,
மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே.

போன மார்ச்சில் கவுண்டரை இடித்தார்கள்.
அப்பா போய் அதற்குள் ஒன்பது வருடம்.
ஸ்க்ரூடிரைவர் என் பையில் எப்போதும் உண்டு.
பின்பக்கம் பச்சை மையில் அவள்.
அதனடியில் பென்சிலில் அப்பா,
மருந்துக்கடைக்காரர் சொல்லச் சொல்ல எழுதியிருக்க வேண்டும்:

"பாவம் குழந்தை.
இந்தப் பெயர் எனக்காக வைத்ததும் அல்ல.
எனக்கு முன்னால் பிறந்து இறந்த அக்காவினுடையது.
அவள் உடுப்புகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள்."

பென்சில் அத்தோடு நின்றுவிட்டது.
பச்சையில் மட்டும் இன்னும் ஒரு வரி.
செல்போனை அதன்மேல் நீட்டினேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டு அது சொன்னது:
"குழந்தையின் அம்மா என்ன பெயர் நினைத்திருந்தார்?"

இடிந்த சுவரின் தூசியில் நின்றுகொண்டு
அந்தக் கேள்விக்குறியையே பார்த்தேன்.
கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது,
ஆனால் அப்பாவின் பென்சில் சீவல் வாசனையோடு வந்தது.
செத்துப்போன தங்கை வேண்டாமென்று
தெரியாமல் இன்னொருத்தியின் செத்துப்போன அக்காவை
ஹங்கேரியிலிருந்து வரவழைத்திருக்கிறார் மனுஷன்.

அட்டையை அம்மாவிடம் காட்டவில்லை.
ஞாயிற்றுக்கிழமை அவள் ஃப்ரிட்ஜ் சத்தம் போடுகிறது என்றாள்.
சுவருக்கும் அதற்கும் நடுவே
தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன்.
சமையலறையிலிருந்து குரல்:
"நேலிடா, மாத்தே ஆறுது."

எண்பத்தொரு வயசு. மறதியா,
இத்தனை வருஷம் கழித்து வந்த துணிச்சலா,
எட்டிப் பார்க்கவில்லை நான்.
கை முழுக்கக் கிரீஸ்.

"இதோ," என்றேன்.