வேலையில்லாத கால்

என்னைவிட ஐந்து வயது மூத்த விமானம்.
மூடிப்போன பறக்கும் பள்ளியொன்றின் ஏலத்தில்
மூன்று பேர் சேர்ந்து எடுத்தோம்,
மன்னார்குடிப் பக்கம் இருபது மா நஞ்சை போன விலைக்கு.
முதல் பராமரிப்பு பில்லோடு ராஜமன்னார் விலகினார்.
இரண்டாவது பில்லை ஹபீபுல்லா பார்க்கவேயில்லை,
சிங்கப்பூர் போய்விட்டார்.
மிச்சம் நானும்
இரண்டு எஞ்சின்களும்.

ஒன்று போதாதா என்று கேட்காதவர் இல்லை.
ஒன்று நின்றால் இன்னொன்று இருக்குமே என்பேன்.
சொல்லாமல் விடுவது:
பன்னிரண்டு சிலிண்டர், நாலு மேக்னெட்டோ,
இருபத்துநாலு பிளக்,
எது முதலில் என்று காத்திருக்கும் தூக்கம்.

திருச்சி ஹேங்கர் தரையில்
இன்னாசி சாக்பீஸால் எழுதினார்,
ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு மூச்சுப் பிடிக்கிறதென்று.
எழுபத்தொன்று. அறுபத்தெட்டு. எழுபது.
ஐம்பத்தொன்பதுக்குக் கீழே மட்டும் ஒரு கோடு.
"ஓட்டலாமா இன்னாசி?"
"ஓட்டிக்கிட்டுத்தானே இருக்கோம்" என்றார்,
டீ குடிக்கப் போனார்.

தை மாதம். அறுவடைக்கு நின்ற சம்பாவில் மழை.
காப்பீட்டுக் கம்பெனிக்குப் படம் வேண்டும்.
கேமராவோடு நெடுஞ்செழியன்,
விமானத்தில் ஏறுவது அவனுக்கு முதல்முறை.
கல்லணையில் பிரிந்த ஆறு
மேலிருந்து பார்த்தால் பிரிவதை நிறுத்துவதேயில்லை.
வெண்ணாறு, வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு,
பிறகு வாய்க்கால், கன்னி வாய்க்கால்,
பிறகு யார் வயல் யாருடையதென்று தெரியாத
ஒரே கலங்கல்.

திருத்துறைப்பூண்டி தாண்டி
எண்ணெய் அழுத்த முள் படுத்துக்கொண்டது.
மூக்கு இடப்பக்கம் திரும்பியது.
வலது கால் தானாகப் போய் மிதித்தது.
எந்தக் கால் சும்மா இருக்கிறதோ
அந்தப் பக்கம் செத்தது,
பயிற்சியில் மனப்பாடம் செய்தது இவ்வளவுதான்.
இருந்தாலும் இரண்டு தடவை பார்த்தேன்.
அவசரத்தில் நல்லதை அணைத்தவர்கள் உண்டு.

பிளேடுகள் விளிம்பைக் காற்றுக்குக் காட்டித்
திரும்பி நின்றன.
பதினோரு வருஷமாக மங்கலான வட்டமென்று
பறக்கையில் நான் பார்த்துவந்தது
மூன்று பிளேடு.
முனையில் மஞ்சள் பெயிண்ட்.
ஒன்றில் கல் பட்ட வடு.
அதன் வழியே முத்துப்பேட்டைக் காடு,
அசையாமல்.

"அந்தப் பக்கம் ஏன் நின்னுருச்சு மேடம்?"
"ஓய்வு குடுத்திருக்கேன்."
வேகமானியில் ஒரு நீலக் கோடு இருக்கும்,
ஒற்றை எஞ்சினில் அதற்குக் கீழே போகக்கூடாது.
நம்முடையது வெயிலில் வெளுத்து வெள்ளையாகிவிட்டது.
எங்கே இருந்ததென்று எனக்குத் தெரியும்.
நானூறு அடி இறங்கி
அதற்குமேல் இறங்கமாட்டேன் என்று நின்றது கிழம்.

தஞ்சாவூர் ஓடுபாதை வழியில்தான் வந்தது.
விமானப்படையுடையது. கேட்டிருந்தால் தந்திருப்பார்கள்.
எத்தனை விளக்கக் கடிதம் எழுதவேண்டுமோ என்று நினைத்தேன்.
இன்னொருவன் உயிரும் உள்ளே இருக்கையில்
நினைத்தது அதைத்தான்.
இதை லாக் புத்தகத்தில் எழுதவில்லை.

திருச்சியில் சக்கரம் தொட்டபோது
தீயணைப்பு வண்டிக்காரர்கள் கையசைத்தார்கள்.
இன்னாசி வெள்ளைத் தட்டில் எண்ணெயை வடித்தார்.
மினுமினுத்தது.
காந்தத்தை வைத்தார். ஒட்டியது.
நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

மாடியில் நிறுத்தி ஓட்டல் நடத்த
கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டேயிருக்கிறார்.
அன்றிரவும் கூப்பிட்டார்.
சாப்பாட்டு மேஜைக்கடியில் வலது கால்
தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது.
வீட்டுக்காரர் பாத்திரம் அதிர்வதைப் பார்த்துவிட்டு
ரசத்தை நகர்த்தி வைத்தார்.
இடது கால் ஒன்றும் நடக்காததுபோல்
செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

போனை எடுக்கவில்லை.
பழைய சிலிண்டர் ஒன்று பெங்களூரில் இருக்கிறதாம்.

மூன்று வாரம் கழித்துக் கம்பெனி
நூற்றெழுபது படத்துக்குப் பணம் அனுப்பியது.
ஒன்றை மட்டும் திருப்பிவிட்டது.
நின்ற பிளேடு, வெள்ளக் காடு,
பையன் எப்போது எடுத்தானோ.
பின்னால் சிவப்பு மையில்:
பயிர் தெரியவில்லை.