பாதித் திருகை

எட்டுப் பேருக்கு ஒரு கூடாரம்,
ஒரு கோவேறு கழுதை, ஒரு திருகை.
படையில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்:
இவ்வளவுதான் இனி உன் குடும்பம்.

கழுதைக்குப் பெயர் செனட்டர்.
வைத்தவன் துர்பிலோ.
மூன்றாம் நாள், வடகரைக் காட்டில்,
தான் சொன்னதற்குத் தானே சிரித்துக்கொண்டிருக்கையில்
கழுத்தில் அம்பு வாங்கியவன்.

அவனோடு இன்னும் நான்கு பேர்.
யார் எந்த மரத்தடியில் என்று கேட்காதீர்கள்.
ஓடுகிறவனுக்கு
காடு முழுக்க ஒரே மரம்தான்.

விடியுமுன் ஆற்றுக்கு வந்து சேர்ந்தோம்:
திரேசியன் பித்துஸ், பாலைவனத்து யர்ஹாய், நான்.
எதிர்க்கரையில் எங்கள் கோட்டையின் ஒற்றை விளக்கு.
நடுவில் டான்யூப்
உறைந்து கிடந்தது.
உறக்கமா பாசாங்கா, தெரியவில்லை.

யர்ஹாய் குனிந்து பனிக்கட்டியைத் தட்டிப் பார்த்தான்,
சந்தையில் முலாம்பழம் வாங்குகிறவன்போல.
"இன்னும் பழுக்கவில்லை."
பின்னால், காட்டுக்குள், நாய்கள்.

பித்துஸ்தான் திருகையை இறக்கினான்.
அடிக்கல்லைக் கரையிலேயே போட்டான்.
மேல்கல்லின் பிடியைப் பிடுங்கி எறிந்து
சக்கரமாய் நிமிர்த்தி
ஈட்டிக்காம்பால் தள்ளினான்.
கல் முன்னே, நாங்கள் பின்னே,
ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படாத தூரத்தில்.

செனட்டர் வர மறுத்துவிட்டான்.
கெஞ்ச நேரமில்லை.

மாலைதோறும் மாவரைத்த அதே உறுமல்
பனியின்மேல் உருண்டுகொண்டே போனது.
வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்,
அந்தச் சத்தத்தில்
எனக்குப் பசித்தது.

பாதி ஆற்றில் உறுமல் நின்றது.
பெரிய ஓசை ஒன்றும் இல்லை.
ஒரு கருந்துளை,
அதன் விளிம்பில் கொஞ்சம் நீர் ஏறி இறங்கியது.
மூவரும் குப்புற விழுந்தோம்.
இடப்பக்கமாக, வயிற்றால்,
தாடி பனியில் ஒட்ட ஒட்ட ஊர்ந்தோம்.
பித்துஸ் தன் ஊர்த் தெய்வங்களை எல்லாம் அழைத்தான்;
பெயர் தீர்ந்ததும்
குதிரைகளின் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தான்.

மறுநாள் காலை
தானியக் கிடங்கு வாசலில் செனட்டர் நின்றிருந்தான்,
கால்கூட நனையாமல்.
எந்த வழியாக என்று அவனும் சொல்லவில்லை.

கணக்கன் மெழுகுப்பலகையை எடுத்தான்.
"ஆட்கள் ஐந்து. திருகை ஒன்று."
திருகைக்கு விலை உண்டு;
அதை எட்டாகப் பங்கிட்டான்.
"ஐந்து பேர்தான் இல்லையே" என்றான் யர்ஹாய்.
"அவர்கள் சேமிப்பு இருக்கிறதே."

துர்பிலோவின் பங்கு ஒன்றரைக் காசு.
இருந்திருந்தால்
ஒரு வாரத்துக்குச் சிரிக்க வைத்திருப்பான் அதை வைத்து.
நாங்கள் எட்டுப் பேரும் சேர்ந்து செய்த
கடைசிச் செலவு அது.

அடிக்கல் பற்றி அவன் கேட்கவில்லை,
நாங்களும் சொல்லவில்லை.
வடகரையில் கிடந்தது.
இதற்குள் யாராவது தூக்கிப் போயிருப்பார்கள்.
பாதித் திருகையை வைத்துக்கொண்டு
என்ன செய்கிறார்களோ.