குளிர்ந்த கட்டம்

காலை பத்து இருபத்திரண்டுக்கு
அது எங்கள் தலைக்கு மேலே, எழுநூறு கிலோமீட்டரில் போகிறது.
யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.
எட்டு நாளைக்கு ஒருமுறை வருகிற விருந்தாளி;
மேகம் இருந்தால் வாசலோடு திரும்பிவிடும்.

டி டோர்ன்ஸ் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்கள்
எவ்வளவு குடிக்கின்றன என்று
வெப்பத்தைக் கொண்டு சொல்லும் அது.
குடித்த இலை வியர்க்கும், வியர்த்த இலை குளிரும்.
தாகித்த இலை வாயை இறுக மூடிக்கொண்டு கொதிக்கும்.
அவ்வளவுதான் சங்கதி.
மீதியெல்லாம் என் சமன்பாடுகள்,
வூஸ்டரில் ஒரு மாடி அறை, ஓடாத மின்விசிறி.

ஜனவரி மூன்றிலிருந்து
பதினான்காம் தோட்டத்துக்குத் தண்ணீர் இல்லை.
வயதான கொடிகள், குளிர்காலத்தில் பிடுங்கப்போகிறார்கள்.
மேலாளர் ஃபில்யூன் தன் கையாலேயே வால்வைப் பூட்டியிருக்கிறார்.
மீட்டரில் சூனியம்.
என் வரைபடத்திலோ, தோட்டம் முழுக்கச் சிவந்து காந்த,
தென்மேற்கு மூலையில் ஒரே ஒரு கட்டம் நீலம்.
முப்பதுக்கு முப்பது மீட்டர்.
நாளொன்றுக்கு மூன்று மில்லிமீட்டர்.

"உங்கள் செயற்கைக்கோளுக்குக் கண்ணில் புரை,
இல்லையென்றால் எவனோ குழாயை உடைத்திருக்கிறான்.
எது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார் தொலைபேசியில்.

அந்த ஆற்றுக்கு ஹெக்ஸ் என்று பெயர்.
அவர்கள் மொழியில் சூனியக்காரியாம்.
சாட்ஸ்வொர்த்தின் சனிக்கிழமை வகுப்பில்
சூனியம் என்றால் பூஜ்யம் என்றும் எழுதிப்போட்டார்கள்.
இரண்டையும் ஒரே சொல்லில் வைத்தவனுக்கு
இந்த மீட்டரைக் காட்ட வேண்டும்
என்று நினைத்துக்கொண்டே வண்டியோட்டினேன்.

குழாய் உடைந்திருக்கவில்லை.
மூலையில் தொழிலாளர் வீடுகள், பதினொன்று.
எல்லாவற்றுக்கும் ஒரே குழாய்.
தகரத் தொட்டியை இடுப்பில் அணைத்தபடி வந்தவள்
என் அடையாள அட்டையை எழுத்துக்கூட்டினாள்: "மூட்லி."
(முதலியை எந்தக் கப்பல் குமாஸ்தா அப்படி எழுதினானோ.)
கட்ரீனா ஸ்வார்ட்ஸ் என்று தன் பெயரைச் சொன்னாள்,
சொன்னபடியே சோப்பு நீரைக் கொடியின் காலடியில் சாய்த்தாள்.
துணி துவைத்த நீர். பிள்ளைகளைக் குளிப்பாட்டிய நீர்.
வரிசைகளுக்கு நடுவே பூசணி படர்ந்து
திராட்சைக் கம்பிமேலும் ஏறியிருந்தது, கூச்சமில்லாமல்.

கணக்குப் போட்டேன், பழக்கதோஷம்.
சதுர மீட்டருக்கு மூன்று லிட்டர்,
தொள்ளாயிரம் சதுர மீட்டர்,
இரண்டாயிரத்து எழுநூறு.
வீட்டுக்குப் பன்னிரண்டு வாளி, கொஞ்சம் கூடக் குறைய.
அத்தனை உயரத்திலிருந்து
சரியாகத்தான் எண்ணியிருக்கிறது.
ஆறு வருடச் சரிபார்ப்பில் இவ்வளவு கச்சிதமாய்ப் பொருந்தியதில்லை.
சந்தோஷப்பட்டேன்; அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"மேலேயிருந்து அதற்கு எங்கள் குழாய் தெரியுமா?" என்று கேட்டாள்.
"நாங்கள் வரிசையில் நிற்பது?"
தெரியாது, குளிர்ச்சி மட்டும்தான் என்றேன்.
அப்படியானால் நல்லது என்றாளா,
அது போதாதே என்றாளா,
ஆப்பிரிக்கான்ஸ் எனக்கு அரைகுறை, காற்று வேறு.

இரவு, அறிக்கையில் கடைசிப் பத்தி: காரணம்.
கசிவு என்று எழுதலாம். திருட்டு என்றும்.
பயிரல்லாத நிலத்துக்கென ஒரு முகமூடி உண்டு மென்பொருளில்;
மாட்டினால் கட்டம் கணக்கிலிருந்தே போய்விடும்,
வரைபடத்தில் ஒரு வெள்ளை ஓட்டை.
மாட்டினேன்.
காப்பாற்றினேனா, அழித்தேனா,
ஃபில்யூன் கேட்கமாட்டார். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மலைப்பாதை வளைவுகளில் பின்னிருக்கையில் உருண்டு வந்தது
இப்போது மேசைமேல், ஆறு கிலோ.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள்.
ஒரு கட்டத்தில் மறைக்கலாம்.

வியாழக்கிழமை அது மறுபடி வரும்.
மேகம் இருக்காது என்கிறது வானிலை.
அதற்குள் அந்தக் கொடி
பக்கத்துக் கட்டத்துக்குத் தாண்டாமல் இருக்க வேண்டும்.