திங்கட்கிழமைத் தாள்

பூந்தா அரேனாஸில் காற்றோடு மல்லுக்கட்டிக்
கடை திறப்பதே பாதி வேலை.
கதவைத் தோளால் முட்டித் தள்ளிய கையோடு
நெல்டா மன்சியா
கண்ணாடியின் உட்புறம் ஒரு தாளை ஒட்டுவாள்.
எரிவாயுக் கணப்புகளைப் பழுது பார்ப்பவள்.
நான் எதிர்ச்சாரியில் பூட்டும் சாவியும் விற்பவன்.
பெயர் யெர்கோ.
கடன் சொல்பவர்களுக்குத் தெரிந்தால் போதும் அது.

முதல் தாள் ஏப்ரலில்:
“தீ மஞ்சளாக எரிந்தால்
அழகு என்று பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.
கணப்பை அணையுங்கள். சன்னலைத் திறங்கள்.
பிறகு யாரையாவது கூப்பிடுங்கள்.
நானாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.”

கடைசி வரியில் சிரித்துவிட்டேன்.
போணி ஆகாத காலையில்
போட்டிக்காரனுக்கும் சேர்த்து ஒரு விளம்பரம்!

அடுத்த வாரம்,
புகைபோக்கிக்குள் குருவி கட்டும் கூடு,
அதை எந்த மாதம் எட்டிப்பார்க்க வேண்டும்.
அதற்கடுத்து,
பழைய பல்துலக்கியால் நீங்களே தட்டக்கூடிய தூசு எது,
விரல் படவே கூடாத திருகு எது.
ஐந்தாம் வாரம் ஒன்றுமில்லை.
“மகளுக்குக் காய்ச்சல்” என்று மட்டும்
எழுதி ஒட்டியிருந்தாள்.

“தொழில் நுணுக்கத்தைத் தெருவில் கொட்டுகிறாயே,
கல்லா நிறையுமா?” என்று கேட்டேன்.
திருப்புளியைப் பல்லில் கவ்வியிருந்தாள்.
பதில் வரவில்லை.

சரி, எண்ணிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.
குளிர்காலத்தில் யார் பூட்டு வாங்குகிறார்கள்?
மே மாதம் நின்று படித்தவர்கள் நூற்றுப் பதினொருவர்.
உள்ளே போனவர்கள் நால்வர்.
அதில் ஒருவர் பேனா கேட்கப் போனவர்,
தாளைப் பார்த்து எழுதிக்கொள்ள.

ஜூனில் வரியில்லா அங்காடியில்
புதுக் கணப்புகள் பாதி விலைக்கு இறங்கின.
தொலைந்தாள் என்றுதான் நினைத்தேன்.
அங்கே வாங்கினார்கள், உண்மைதான்.
வாங்கியதை வண்டியில் ஏற்றி நேராக
இவள் வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள்:
“நீ பார்த்துச் சொன்னால்தான் மாட்டுவோம்.”

ஜூலையில் ஒரு தாள், சிவப்பு மையில்.
“சென்ற வாரம் நான் எழுதியது தவறு.
குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொன்னேன்.
குழாயின் மேலேயே தேதி அச்சாகியிருக்கும்,
அதைத்தான் பார்க்க வேண்டும்.
சுட்டிக்காட்டிய திருமதி ஒயார்சுனுக்கு நன்றி.”

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்,
இனி ஈ கூட எட்டிப்பார்க்காது.
மறுநாள் ஏழு பேர்.
காற்றுக்காகக் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி வரிசையில் நின்றார்கள்.
இறால் ஆலையில் வேலை பார்க்கும் ஒருத்தி
என் கடை மறைவில் ஒதுங்கி நின்று சொன்னாள்:
“தப்பைக் கண்ணாடியில் ஒட்டுகிறவள்
ரசீதில் பொய் எழுத மாட்டாள்.”
நான் அவளுக்கு ஒரு சாவிக்கொத்து விற்கப் பார்த்தேன்.
வேண்டாம் என்றாள்.

ஆகஸ்டில் ஓர் இரவு
கோப்பையும் கையுமாகக் காலை நீட்டியிருந்தேன்.
கணப்பில் தீ மஞ்சளாக ஆடியது.
அழகாகத்தான் இருந்தது.
எழுந்து அணைத்தேன். சன்னலைத் திறந்தேன்.
காற்று நாட்காட்டியைக் கிழித்துக்கொண்டு போனது.
பிறகு யாரையாவது கூப்பிட வேண்டும்.
இந்த ஊரில் கணப்புக்காரர்கள் ஒன்பது பேர்,
அதில் ஒருவன் என் மைத்துனன்.
ஒரு பெயர்கூட நினைவுக்கு வரவில்லை,
ஒன்றைத் தவிர.

வந்தாள். முழுக்கூலி வாங்கினாள்,
இரவு நேரத்துக்கென்று கொஞ்சம் மேலேயும்.

அந்தத் திங்கட்கிழமை
கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தேன்.
ஒரு மணி நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.
இருபது ஆண்டுகளாகத் தெரிந்ததெல்லாம்
எங்கே போய் ஒளிந்துகொண்டதோ.
கடைசியில் எழுதினேன்:
“சாவி பூட்டுக்குள் உடைந்தால் பசை ஊற்றாதீர்கள்.
கையில் இருக்கும் துண்டைத் தூக்கி எறியாதீர்கள்.
அதை வைத்தே புதுச்சாவி வெட்டலாம்.
என்னிடம்தான் என்பதில்லை.”
கடைசி வரியை அடித்தேன்.
மறுபடி எழுதினேன்.

மாலைவரை நின்று படித்தவர்கள் மூவர், ஒரு நாய்.
உள்ளே வந்தவர் ஒருவர்.
நெல்டா.
பேனா கேட்டாள்.