வெளியாள்

பாலமதிப் பாறையில் ஒன்று,
வள்ளிமலைப் பாறையில் ஒன்று.
நடுவே மணல்தான், பாலாறு என்று பெயர்.
இரண்டுக்கும் ஒரே புள்ளி, ஒரே விரல்,
தொடையடியில் எண்ணினால் அதே துளைகள்.
இரட்டைப் பிள்ளைகள் என்றார் ஜெபக்கனி,
டார்ச்சைக் கடித்துக்கொண்டே.

வால்நுனியில் ஒரு துணுக்கு. சாராயத்தில் போட்டோம்.
காட்பாடியில் கரண்ட் இருந்த இரவுகளில்
நான்கே எழுத்தில் அவை பேசியதை
வரிக்கு வரி அடுக்கினேன்.

நூற்றுக்குப் பதினான்கு இடத்தில் எழுத்து வேறு.
ஆறு பிரிக்கவில்லை. ஆறு வருமுன்பே
பாகம் பிரித்த பங்காளிகள்.

பாலமதிக்காரிக்கு நெருங்கிய சொந்தம்
கால் கறுத்து, உடல் தடித்து
ஏலகிரியில் ஒரு கிணற்றுச் சுவரில் இருந்தது.
ஜாடை துளியும் இல்லை.

மரத்தை நூறு தரம் கலைத்துப் போட்டேன்.
அந்தச் சொந்தத்துக்குத்
தொண்ணூற்றேழு தரம் ஆம் என்றது.
வள்ளிமலைக்காரியை எங்கே வைப்பது என்றால்
நாற்பத்தொன்று. அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

வேர் எந்தப் பக்கம் என்பது
அவற்றுக்குள் எதற்கும் தெரியாது.
முதலில் பிரிந்தது யார் என்று காட்ட
வெளியாள் ஒன்று வேண்டும்.

லேப் டியூப்லைட் ஓரம் பூச்சிக்குக் காத்திருந்த
வீட்டுப் பல்லியை நோக்கி
ஸ்டூல் போட்டு ஏறினேன்.
இச், இச் என்றது.
சகுனம் பார்க்கிற நிலையில் நான் இல்லை.